பழைய பாகப்பிரிவினை டிக்ரி: வழக்கு எண் தெரியாமல் சான்றிட்ட நகல் வாங்குவது எப்படி?

கேள்வி: தென்காசிக்குப் பக்கத்து ஊர். தாத்தாவும் அவருடைய தம்பிகள் இருவரும் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தி, 1986-ல் டிக்ரி (தீர்ப்பின்படி கோர்ட் எழுதித் தரும் முறையான உத்தரவு) ஆனது. அப்பாவின் பெட்டியில் அந்த டிக்ரியின் கடைசிப் பக்க ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது. வழக்கு எண் அதில் இல்லை. நிலம் இன்றும் கூட்டுப் பட்டாவில்தான் உள்ளது. சின்னத் தாத்தாவின் மகன், ‘அப்படி ஒரு டிக்ரியே கிடையாது’ என்கிறார். தாலுகா அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கிறார்கள். இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லை. வழக்கு நடத்திய வக்கீல் காலமாகிவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: இணையத்தில் கிடைக்கவில்லை என்பதை வைத்து டிக்ரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் கீழமை நீதிமன்றங்கள் கணினிமயமான பிறகு வந்த வழக்குகள். 1986-ல் முடிந்த வழக்கு அதில் இல்லாததே இயல்பு. இருந்தாலும் ஒரு முறை முறையாகத் தேடிப் பாருங்கள். டிக்ரிக்குப் பிறகு அதே வழக்கில் யாராவது மனு போட்டிருந்தால், அதன் மூலம் பழைய எண் தெரியவரலாம். பெயர் தேடலில் நிலுவை, முடிந்தவை இரண்டையும் சேர்த்துக் காட்டும் தெரிவை எடுங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவானவை. ‘சுப்பையா’வை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, ஆண்டை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

வழக்கு எண்ணில் வரும் ஆண்டு, வழக்கு தாக்கலான ஆண்டு. தீர்ப்பான ஆண்டு அல்ல. 1986-ல் டிக்ரி ஆன பாகவழக்கு 1979-லோ 1982-லோ தாக்கலாகி இருக்கலாம். ‘1986-ஆம் வருஷத்து வழக்கு’ என்று தேடச் சொன்னால், அலுவலர் 1986 பதிவேட்டைப் புரட்டிவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார். எண் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஆண்டுதோறும் 1-லிருந்து தொடங்கும். ஓ.எஸ். (அசல் வழக்கு) 214/1981 என்று முன்சீஃப் கோர்ட்டிலும் ஒரு வழக்கு இருக்கும், சப் கோர்ட்டிலும் ஒன்று இருக்கும். எனவே எண், ஆண்டு, நீதிமன்றம் மூன்றும் சேர்ந்தால்தான் உங்கள் வழக்கு.

எண்ணைத் தேட முதலில் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்குங்கள். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரம் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. டிக்ரி பதிவு செய்யப்பட்டிருந்தால் அதில் வரும். அது இல்லாவிட்டாலும், மூன்று கிளைகளில் யாராவது பின்னாளில் தம் பங்கை விற்றிருந்தாலோ அடமானம் வைத்திருந்தாலோ, அந்தப் பத்திரத்தின் சொத்து வந்த வரலாற்றில், ‘இன்ன கோர்ட் ஓ.எஸ். இன்ன நம்பர் டிக்ரிப்படி பாத்தியப்பட்டது’ என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் மனு போட்டு வாங்கலாம். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்தில் பல கிராமங்களில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின. உங்கள் டிக்ரி அந்தக் காலத்தது. அதன் ஷெட்யூலில் (சொத்து விவரப் பட்டியலில்) பழைய எண் இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் போடுங்கள். எது எதுவாக மாறியது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். டிக்ரி கைக்கு வந்த பிறகும் அது தேவைப்படும்.

காலமான வக்கீலின் வழக்குக் கட்டுகள் பெரும்பாலும் அவருடைய ஜூனியரிடமோ வாரிசிடமோ போயிருக்கும். அவரிடம் வேலை பார்த்த குமாஸ்தாவைத் தேடிப் பிடியுங்கள். எந்தக் கட்டு யாரிடம் போனது என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீலின் பெயர் தெரிந்தால் அங்கேயும் விசாரிக்கலாம்.

அடுத்து நீதிமன்றம். தென்காசி 2019-ல்தான் தனி மாவட்டமானது. 1986-ல் அது திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் இருந்தது. வழக்கின் மதிப்பைப் பொறுத்து, அசல் வழக்கு முன்சீஃப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோ நடந்திருக்கும். தீர்ந்த வழக்குக் கட்டுகள் ஆவண அறைக்குப் போய்விடும். அது மாவட்டத் தலைநகரில் இருக்கவும் கூடும். உங்கள் ஜெராக்ஸில் முத்திரையின் ஓரமாவது தெரிகிறதா, நீதிபதியின் கையெழுத்துக்குக் கீழே பதவி என்ன போட்டிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ‘மாவட்ட முன்சீஃப்’ என்று இருந்தால் தேடும் இடம் பாதியாகச் சுருங்கும்.

அந்தக் கோர்ட்டில் முதலில் தேடுதல் மனு போடுங்கள். வாதி, பிரதிவாதி பெயர்கள் தகப்பனார் பெயருடன், கிராமம், வழக்கின் தன்மை, தேட வேண்டிய ஆண்டுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரே ஆண்டைச் சொல்லாமல், 1976 முதல் 1986 வரை என்று கேளுங்கள். வழக்குப் பதிவேட்டில் எண் கிடைத்துவிட்டால், அதே வரியில் டிக்ரி தேதி, மேல்முறையீடு போனதா, டிக்ரியை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட்டார்களா என்பதும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

மேல்முறையீடு போயிருந்தால் கட்டு மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கும். திரும்பி வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரண்டாம் மேல்முறையீடு என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தையவை சென்னையில் தாக்கலானவை. மேல் கோர்ட் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், கடைசியாக நிற்பது மேல் கோர்ட்டின் டிக்ரிதான். கீழ்க்கோர்ட் டிக்ரியை மட்டும் வாங்கித் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தால், எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் காட்டி ஒரே நிமிடத்தில் அதைச் செல்லாததாக்கிவிடும்.

இப்போது நகல் மனு. உங்கள் தாத்தா வழக்கில் தரப்பினர். நீங்கள் அவருடைய வாரிசு. தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணைத்து, எதற்காக நகல் தேவை என்று ஒரு பிரமாண வாக்குமூலமும் கொடுங்கள். வழக்கில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நபர்கூடக் காரணம் காட்டி, நீதிபதியின் உத்தரவு பெற்று நகல் வாங்க முடியும். ஆகவே வாரிசான உங்களைத் திருப்பி அனுப்ப நியாயம் இல்லை. நகலுக்கான முத்திரைத்தாள் அல்லது கட்டணம் இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். அதைப் பார்த்துக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். பலருக்கு நகல் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். வெளியூரில் இருந்தால், பலகையைப் பார்க்க உள்ளூர் வக்கீல் ஒருவருக்கு வக்காலத்து கொடுத்துவிடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. வழக்குக் கட்டில் உள்ள ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிப்படி மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. தாலுகா அலுவலகத்தின் பழைய பட்டா மாற்றக் கோப்புக்கு மட்டும் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அந்தக் கோப்புக்குள் டிக்ரி நகல் கிடப்பதுண்டு.

என்ன நகல் கேட்பது என்பதில் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். பாகவழக்கில் இரண்டு டிக்ரி உண்டு. யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது முதல்நிலை டிக்ரி. கோர்ட் நியமித்த கமிஷனர் நிலத்தை அளந்து, பிளான் போட்டு, இது உனக்கு இது எனக்கு என்று பிரித்த பிறகு வருவது இறுதி டிக்ரி. தனிப் பட்டாவுக்கும் உட்பிரிவுக்கும் இறுதி டிக்ரி வேண்டும். முதல்நிலை டிக்ரியில் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்றுதான் இருக்கும். எந்த மூன்றில் ஒன்று என்று சர்வேயர் கேட்டால் பதில் இல்லை. நாற்பது வருஷமாகக் கூட்டுப் பட்டாவிலேயே நிலம் இருப்பதைப் பார்த்தால், உங்கள் வழக்கு முதல்நிலை டிக்ரியோடு நின்றுவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. எனவே தீர்ப்பு, முதல்நிலை டிக்ரி இவற்றோடு, இறுதி டிக்ரி கோரிய இடைமனு, அதன் மேல் உத்தரவு, கமிஷனர் அறிக்கை, பிளான், இறுதி டிக்ரி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், முதலில் கட்டைப் பார்வையிட மனு போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நகல் கேளுங்கள். பிளானை வரைந்துதான் நகல் தர வேண்டும் என்றால் கூடுதல் நாளாகும். அதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

இறுதி டிக்ரி ஆகவில்லை என்று தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். அதைக் கோரும் மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இது இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்து, முதல்நிலை டிக்ரி மட்டுமே ஆகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி மகள்களுக்குரிய பங்கைச் சேர்த்துத்தான் இறுதி டிக்ரி ஆக வேண்டும். அத்தைகளை விட்டுவிட்டு மனு போடாதீர்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே இறுதி டிக்ரி ஆகியிருந்தால் நிலைமை வேறு. அதனால்தான் தேதியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மற்றொரு நிலையும் உண்டு. இறுதி டிக்ரிக்கு உத்தரவாகி, முத்திரைத்தாள் கொடுக்காததால் டிக்ரி எழுதப்படாமலே கிடக்கும். இப்போதும் முத்திரைத்தாள் கொடுத்து எழுதக் கேட்கலாம். ஆனால் நிறைவேற்று மனுவுக்கான 12 ஆண்டு, டிக்ரி தேதியிலிருந்தே ஓடும். தாள் கொடுத்த தேதியிலிருந்து அல்ல. இதுவும் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரவர் பங்கை அவரவர் அனுபவித்துவந்தால், அந்தக் கெடு போனதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. அனுபவம் எதிர்த்தரப்பிடம் இருந்தால், உடனே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

கட்டு அழிக்கப்பட்டுவிட்டது, அல்லது காணவில்லை என்று பதில் வந்தால், வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். நகல் மனுவின் மேலேயே எழுதி, கையெழுத்திட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்த மேலெழுத்து இருந்தால், சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 60-ஆம் பிரிவின்படி இரண்டாம் நிலைச் சாட்சியம் (அசலுக்குப் பதிலாக நகல் போன்றவை) கொடுக்க வழி பிறக்கும். சித்தப்பா வீட்டிலோ வேறு கிளையிலோ முத்திரையுடன் கூடிய பழைய சான்றிட்ட நகல் இருந்தால், அதை வைத்து அதே கோர்ட்டில் கட்டை மறு உருவாக்கம் செய்யவும் மனு போடலாம். உங்களிடம் உள்ள ஒற்றைப் பக்க ஜெராக்ஸையும் பத்திரமாக வையுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம்.