டாஸ் பதிப்பு மாறினால் எழும் கோளாறுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பழைய 286 சில்லுக் கணினியில் மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 3.3 இருந்தது. அண்மையில் 5.0 பதிப்புக்கு மாறினேன். அதன்பிறகு ஒரு கணக்கு நிரல் “பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்” (சுருக்கிய கோப்பு கெட்டுவிட்டது) என்று சொல்லி நின்றுவிடுகிறது. மூல வட்டிலிருந்து மறுபடி நகலெடுத்தும் பயனில்லை. மவுஸ் டிரைவரை (மவுஸை இயக்கும் சிறு நிரலை) ஏற்றிய பிறகு ஓட்டினால் மட்டும் சில சமயம் ஓடுகிறது. வட்டு கெட்டுவிட்டதா?

பதில்: வட்டும் கெடவில்லை, கோப்பும் கெடவில்லை. அந்தப் பிழைச்செய்தியை நம்பி நகலெடுத்துக்கொண்டே இருந்தால் பொழுதுதான் வீணாகும். போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்ட மவுஸ் விஷயத்தில்தான் விடை இருக்கிறது.

வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, அக்காலத்தில் பல நிரல்களை மைக்ரோசாஃப்டின் எக்ஸிபேக் கருவியால் சுருக்கி வெளியிட்டார்கள். அப்படிச் சுருக்கிய நிரல் தொடங்கும்போது தன்னைத்தானே நினைவகத்தில் விரித்துக்கொள்வதற்கான சிறு துணுக்கு அதற்குள்ளேயே இருக்கும். நிரல் நினைவகத்தின் முதல் 64 கேபிக்குள் ஏற்றப்பட்டுவிட்டால், இந்தத் துணுக்கு போடும் முகவரிக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிக்கொண்டு 1 எம்பியைத் தாண்டிவிடக்கூடும். பழைய பிசிகளில் இருந்த 8088 சில்லில் 20 முகவரிக் கம்பிகளே இருந்தபடியால், 1 எம்பியைத் தாண்டும் முகவரி சுற்றிக்கொண்டு நினைவகத்தின் தொடக்கத்துக்கே வந்துவிடும். ஆகவே பிசகான கணக்கும் சரியான இடத்தில் போய் முடிந்தது, யாரும் கவனிக்கவில்லை. 286இல் கம்பிகள் 24. அவற்றில் ஏ20 எனப்படும் 21ஆவது கம்பி திறந்திருந்தால் அந்தச் சுற்று நிகழாது, முகவரி 1 எம்பிக்கு மேலேயே போய் விழும்.

டாஸ் 3.3 அந்தக் கம்பியைத் தொடுவதில்லை. 5.0இலோ, கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ‘டாஸ்=ஹை’ என்ற வரி இருந்தால், டாஸின் பெரும்பகுதி 1 எம்பிக்கு மேலுள்ள ஹெச்எம்ஏ பகுதிக்குக் குடிபெயர்கிறது; அங்கே எட்டுவதற்காக ஏ20 திறக்கப்படுகிறது, கீழே காலியான இடத்தில் உங்கள் நிரல் போய் உட்காருகிறது. மவுஸ் டிரைவர் கீழே கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டால் நிரல் 64 கேபி எல்லைக்கு மேலே தள்ளப்பட்டு ஒழுங்காக ஓடிவிடுகிறது. ஆக, குறை நிரலில் முதலிலிருந்தே இருந்தது, 5.0 அதை வெளிக்காட்டிவிட்டது, அவ்வளவே.

ஐயம் இருந்தால் அந்த வரியை ‘டாஸ்=லோ’ என்று மாற்றிக் கணினியை மறுபடி தொடக்கிப் பாருங்கள். பிழை மறைந்தால் காரணம் உறுதி. ஆனால் அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்வது, ஒரு நிரலுக்காக மற்ற எல்லா நிரல்களின் நினைவகத்தையும் பறிப்பதாகும். 5.0 உடனேயே வரும் லோட்ஃபிக்ஸ் கட்டளையை நிரலின் பெயருக்கு முன்னால் சேர்த்து ஓட்டினால் போதும். அது நிரலை 64 கேபிக்கு மேலே ஏற்றிவிடும்.

கேள்வி: டாஸ் 5.0இல் வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை, பிழைகளைத் திருத்தச் சொல்லும் /எஃப் சேர்த்து ஓட்டக் கூடாது என்று நண்பர் எச்சரிக்கிறார். அது உண்மையா?

பதில்: எல்லா வட்டுகளுக்கும் பொருந்தாது, பொருந்தும் இடத்தில் மிக உண்மை. வட்டின் எந்த இடம் எந்தக் கோப்புக்கு என்று குறித்துவைக்கும், ஃபேட் எனப்படும் ஒதுக்கீட்டு அட்டவணை சரியாக 256 செக்டார் (வட்டைப் பிரித்திருக்கும் சிறு துண்டுகள்) நீளமுள்ள வட்டுப் பகுதிகளில், 1991 ஏப்ரல் தேதியிட்ட செக்டிஸ்க், அழித்த கோப்பை மீட்கும் அன்டிலீட் ஆகிய இரண்டுமே தரவை அழித்துவிடக்கூடும். 512 பைட் கொண்ட ஒரு செக்டாரில், ஒதுக்கீட்டு அலகு ஒன்றுக்கு ஒன்றாக, இரண்டு பைட் பதிவுகள் 256 அடங்கும். 255 செக்டாரில் 65,280. அவற்றில் முதல் இரண்டும் அமைப்புக்கே உரியவை; மீதி 65,278ஐத் தாண்டினால்தான் 256ஆவது செக்டார் தேவைப்படும். ஆகவே /எஃப் இல்லாமல் செக்டிஸ்கை ஓட்டுங்கள், அப்போது அது வட்டில் எதையும் எழுதாது. அது காட்டும் மொத்த ஒதுக்கீட்டு அலகுகளின் எண்ணிக்கை 65,278ஐத் தாண்டினால் உங்கள் வட்டு அந்த வகையைச் சேர்ந்தது.

5.0ஏ திருத்தத்தில் இது சரிசெய்யப்பட்டது. பதிப்பு எண்ணைக் காட்டும் வெர் கட்டளையை மட்டும் தட்டினால் இரண்டுமே 5.00 என்றே காட்டும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ‘வெர் /ஆர்’ என்று கேட்டால் திருத்தம் ஏ என்பது தெரியும். அதைவிட, கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையில் செக்டிஸ்க், அன்டிலீட் ஆகிய இரு கோப்புகளின் தேதியைப் பார்ப்பதே நம்பகமானது. அது 1991 நவம்பர் 11 ஆக இருக்க வேண்டும்.

கேள்வி: வட்டைப் பயன்பாட்டுக்குத் தயார்செய்யும் 3.3இன் ஃபார்மட் கட்டளை 5.0இல் “இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்” (தவறான டாஸ் பதிப்பு) என்கிறது. செட்வெர் மூலம் ஏமாற்றலாமா?

பதில்: வேண்டாம். செட்வெர் என்பது நிரலிடம் வேறொரு டாஸ் பதிப்பு எண்ணைச் சொல்லும் கருவி; பதிப்பு எண்ணைச் சும்மா சோதித்துவிட்டு மறுக்கும் சாதாரண நிரல்களுக்கானது. 3.3 வட்டு செக்டார்களை 16 பிட் எண்ணால் எண்ணியதால்தான் 32 எம்பி என்ற வரம்பு இருந்தது; 4.0 முதல் அந்த ஏற்பாடே மாறிவிட்டது. வட்டில் நேரடியாக எழுதும் கட்டளையிடம் பொய் சொல்வது ஆபத்து. 3.3இன் பழைய கோப்புகளை, டாஸ் கட்டளைகளைத் தேடும் பாதையிலிருந்து நீக்கிவிட்டு, 5.0உடன் வந்த ஃபார்மட்டையே பயன்படுத்துங்கள்.