கட்டிலடியில் மணி

கேள்வி: எங்கள் மணி நாட்டு நாய், நான்கு வயது. தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததுமே கட்டிலடியில் போய் நடுங்குகிறது, சோற்றைத் தொடுவதில்லை. "கொஞ்சினால் பயம் கூடும், கண்டுக்காதே" என்கிறார் மாமியார். என்ன செய்வது டாக்டர்?
– வாசகி, காரைக்குடி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மாமியார் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. தடவிக்கொடுத்தால் வளர்வதற்குப் பயம் ஒன்றும் சேட்டை இல்லை. மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலடிதான் வேண்டுமென்றால் இழுக்காமல், அங்கேயே பழைய போர்வையை விரித்து, சேலையைத் தொங்கவிட்டு மறைத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பழக்கத் தொடங்குங்கள். செல்போனில் வெடிச் சத்தத்தை மிக மிக மெதுவாக வைத்து, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. முதலில் சத்தம், பிறகு கறி; வரிசை மாறக் கூடாது. மணி உதட்டை நக்கினாலோ காதைப் பின்னால் மடக்கினாலோ சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறையுங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். என் வீட்டு நாய்க்கு இரண்டு மாதம் பிடித்தது. அதுவும் வெடிக்கு மட்டும்தான். இடி இடித்தால் இன்றும் குளியலறைக்குள் ஓடுகிறது!

பண்டிகையன்று விடியும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், கயிற்றோடுதான். அப்புறம், மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். சில மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். தேவைப்பட்டால் ஒரு வாரம் முன்பே மணியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை பார்த்து அவரே எழுதித் தருவார்.