அந்தத் துண்டு ஏன் நனைந்திருந்தது?

கேள்வி: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பாலக்கோடு பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு வயது 61; பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லை அறுவை செய்து எடுத்து ஐந்து நாளாகியும் கன்னம் வீங்கியே இருக்கிறது. வீடியோ அழைப்பில் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே பேசினார். வீக்கத்துக்கு என்ன காரணம்? எங்கள் ஊர்த் தண்ணீராக இருக்குமோ?

பதில்: உங்கள் மின்னஞ்சலைப் படித்தவுடன் அதிலிருந்த எண்ணுக்கு அழைத்து, 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். சீழை வெளியேற்றிய பின் அம்மா மருத்துவமனையில் தேறி வருவதாகத் தெரிவித்தீர்கள். அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

கன்னத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நீங்கள், துண்டைப் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோனீர்கள். நான் துருவிக் கேட்ட பிறகுதான், துண்டின் முனை முழுக்க நனைந்து தொங்கியதும், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் அம்மாவின் குரல் குழறியதும் உங்கள் நினைவுக்கு வந்தன. ஊறும் எச்சிலை நாமெல்லாம் நினைக்காமலே விழுங்குகிறோம். அதைக்கூட விழுங்க முடியாமல் தாய் துடைத்துக்கொண்டிருக்க, மகன் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கும். ஆனால் ஐந்து நாளில் முகத்தை வீங்க வைக்காது. பல்லில் எது வந்தாலும் தண்ணீர் மேல் பழியைப் போடும் வழக்கத்தை நம் பக்கத்தில் விட்டாக வேண்டும்.

ஈறைக் கீறி, எலும்பைச் செதுக்கி எடுத்த பல்லுக்கு வீக்கம் வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், அதன் பின் வடியத் தொடங்க வேண்டும். உள்ளே இரத்தம் தேங்கினால் கன்னம் கன்றி நீலமாகும். மருந்து ஒவ்வாவிட்டால் உதடும் இமையும் அரிப்போடு தடிக்கும். அரிதாக, சிகிச்சைக் கருவியின் காற்று தோலுக்கடியில் புகுந்தால், அழுத்தும் விரலுக்கு நறநறவென்று தெரியும். ஆனால் மூன்று நாள் கழிந்தும் வடியாமல் ஏறும் வீக்கமும், காய்ச்சலும், வாயைத் திறக்க முடியாமையும் கிருமித்தொற்றைக் காட்டுபவை. கீழ்க் கடைவாயில் பிடித்த சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவினால், நாக்கை மேலே தள்ளி மூச்சு வழியையே அடைத்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அம்மா தமக்குச் சர்க்கரை இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொன்னாரா என்று கேட்டேன், "தெரியவில்லை" என்றீர்கள். எப்படித் தெரியும்? அவரைத் தனியாக அல்லவா அனுப்பினீர்கள்! ராயக்கோட்டை வழியாகப் பேருந்து ஏறினால் எட்டிவிடும் தொலைவில் இருந்துகொண்டு, ஐந்து நாளில் ஒரு ஷிப்டைக்கூட மாற்றிக் கேட்கவில்லை. பெற்றவள் உடம்பில் கத்தி படும் நாளில் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது; மாதாமாதம் அனுப்பும் பணம் அதற்கு ஈடாகாது.

அம்மா வீடு திரும்பியதும் ஒரு வாரமாவது கூடவே இருங்கள். மாத்திரை அட்டையை நீங்களே எண்ணுங்கள். வயிறு எரிகிறதென்று அவர் பாதியில் நிறுத்தப் பார்த்தால், மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு நகராமல், சிரமமின்றி விழுங்குகிறாரா என்று எதிரில் உட்கார்ந்து பாருங்கள். காலையில் அவர் எழுந்ததும் தலையணையைத் தொட்டுப் பாருங்கள். அது நனைந்திருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.