ஆய்விதழை நிறுத்துமுன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தமிழ்த்துறை 14 ஆண்டுகள் நடத்திய அரையாண்டு ஆய்விதழை நிறுத்துகிறோம். மொத்தம் 28 இதழ்கள், அச்சில் மட்டும். அவற்றை இணையத்தில் ஏற்றிவிட விருப்பம். பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புகள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திருச்சி)

பதில்: அலமாரியிலிருந்து. ஒவ்வோர் இதழிலும் இரண்டு படிகளைத் தனியே எடுத்து வையுங்கள். கடைசி நேரத் திருத்தங்கள் பெரும்பாலும் அச்சகத்துக் கணினியில்தான் நடந்திருக்கும். உங்களிடம் உள்ள கோப்பு அதற்கு முந்தையதாக இருக்கலாம். ஆகவே அச்சுப்படியை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), அடிக்குறிப்பு பொடி எழுத்தென்றால் 400இல், ஸ்கேன் செய்யுங்கள். அட்டைகளையும் பிழைதிருத்தப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

தேடக்கூடிய எழுத்து வேண்டுமானால்தான் பேஜ்மேக்கர் கோப்பு. தலைவலியும் அங்கேதான். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். இன்று இணையத்தில் வழங்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் க முதலில், பின்பு உயிர்க்குறி. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் மென்பொருள் சரியில்லையென்றால் ‘கௌ’ என்பது ‘கெ’யும் ‘ள’வுமாக நின்றுவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. இன்னொன்று: ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருப்பதால், கோப்பை மொத்தமாக மாற்றினால் ஆங்கில நூற்பெயர்கள் குப்பையாகிவிடும். எழுத்துரு வாரியாகப் பிரித்து மாற்றுங்கள். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தரும் ஒலிபெயர்ப்பின் மேற்கோடு, கீழ்ப்புள்ளிகளைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: கட்டுரையாளர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா? (அதே வாசகர்)

பதில்: ஆம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதி வாங்கியிருந்தாலும் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பழைய ஒப்புதல் படிவங்கள் பல இதிலேயே செல்லாமல் போகும். கட்டுரைத் தலைப்பு, ஏற்றும் இடம், எந்த உரிமத்தில் என்று மூன்றே வரியில் மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமியுங்கள். காலமானவர்களுக்கு வாரிசுகளைக் கேளுங்கள். உரிமை இறப்புக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும். யாரும் கிடைக்கவில்லையா? தலைப்பையும் பக்க எண்ணையும் மட்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: மூடும் இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். (இதழின் அடையாள எண்), டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம்) தேவையா? (வாசகர், மதுரை)

பதில்: அச்சுக்கு வாங்கிய ஐ.எஸ்.எஸ்.என். இணைய வடிவத்துக்குப் பொருந்தாது. தனி எண் வேண்டும். இந்தியாவில் கட்டணமில்லை. இடையில் இதழின் பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயருக்கு ஓர் எண், புதியதற்கு வேறு எண்.

டி.ஓ.ஐ.யில் நிதானம் வேண்டும். டி.ஓ.ஐ. பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் பழைய கட்டுரை ஒன்றுக்கு 15 சென்ட்தான். ஆனால் ஆண்டு உறுப்பினர் கட்டணம் தனி. கட்டுரையின் இணைய முகவரி மாறும்போதெல்லாம் திருத்தும் பொறுப்பும் உங்களுடையதே. பார்த்துக்கொள்ள ஆளில்லையென்றால் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்திலும், இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றிவிடுங்கள். இதழுக்கென்று தனி இணையப் பெயர் வாங்கியிருந்தால் அது யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஓய்வு பெறுபவரின் அலுவலக முகவரி என்றால், புதுப்பிப்பு நினைவூட்டல் யார் கண்ணிலும் படாது.