கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத நாட்டில் கிரிக்கெட் ஆடிய, பார்த்த அனுபவம் உண்டா?

உண்டு. ஜப்பானில் நான்கு வருடம் இருந்தேன். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் நிஷி-கசாய். இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம் என்பதால் ஆள் சேர்ப்பதில் சிரமமில்லை. பந்துதான் கிடைக்கவில்லை.

அதற்கு முன் என் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளத்தில், தீபாவளிக்குத் துணி எடுப்பது பொள்ளாச்சியில், வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். எங்கள் பக்கம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால்தான். அறுத்த வயலில் தென்னமட்டையைச் செதுக்கிக்கொண்டு நாங்கள் ஆடுவோம். ஃபுட்பால் அண்ணன்மார் வந்துவிட்டால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வரப்போரம் ஒதுங்க வேண்டும். ஓரத்தில் நின்று ஆடிப் பழகியவனுக்கு ஜப்பான் பெரிய அதிர்ச்சியாக இல்லை.

பந்துக்கு வருகிறேன். கடையில் 'டென்னிஸ் பந்து' என்று கேட்டு வெள்ளையாக நான்கு வாங்கிவந்தேன். முதல் பந்தை ஓங்கி அடித்தால் அது அப்பளம்போல் சப்பி, பொத்தென்று காலடியிலேயே விழுந்தது. அங்கே 'சாஃப்ட் டென்னிஸ்' என்று தனி ஆட்டமே இருக்கிறது. அதற்கான ரப்பர் பந்து அது. அடுத்து, பள்ளிப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடும் ரப்பர் பந்து. நன்றாக எகிறியது, ஆனால் கேட்ச் பிடித்தவன் திங்கட்கிழமை கீபோர்டைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில் லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாம் கோயமுத்தூரிலிருந்து டென்னிஸ் பந்து கொண்டுவருவது என்று தீர்மானமானது. நான் ஒரு முறை பேட்டையே கொண்டுபோனேன். அம்மா கொடுத்த முறுக்குக்கு நடுவே குறுக்காக வைத்திருந்ததைக் கஸ்டம்ஸ்காரர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேஸ்பால்காரர்கள்போல் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து 'இப்படியா?' என்று கேட்டார். நான் தரையில் தட்டிக் காட்டினேன். பாவம், துடுப்பு என்று நினைத்தாரோ என்னவோ.

குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை. ஆற்றங்கரையில் வரிசையாகப் பேஸ்பால் திடல்கள் உண்டு, ஆனால் முன்பதிவு வேண்டும். அவற்றுக்கு ஓரமாகக் கிடக்கும் புல்தான் எங்கள் சேப்பாக்கம். ஒரு ஞாயிறன்று என் அலுவலகத்து மூத்தவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடியவர். பேட்டைக் கொடுத்தோம். முதல் பந்து லேசாகப் பட்டதுமே பேட்டை வீசி எறிந்துவிட்டு ஓடினார். ரன் அவுட். அடித்தால் ஓடியே ஆக வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. 'ஓட விருப்பமில்லை என்றால் நிற்கலாம்' என்றபோது நம்பவே இல்லை. விக்கெட்டுக்குப் பின்னால் தட்டிவிட்டு நான்கு ரன் எடுப்பதைப் பார்த்து, 'பேஸ்பாலில் அது ஃபவுல் அல்லவா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் ஃபீல்டிங்கில் நிறுத்திப் பாருங்கள். எல்லைக் கோட்டிலிருந்து அவர் எறிந்த பந்து தரையைத் தொடாமல் கீப்பர் கைக்கு வந்தது. எங்களில் ஒருவனுக்கும் அப்படி எறிய வராது. அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்.

டோக்கியோவுக்கு வடக்கே சானோ என்ற ஊரில் முறையான கிரிக்கெட் மைதானமே இருக்கிறது. அது தெரிந்ததும் அவர், 'ஜப்பான் இந்தியாவோடு ஆடியிருக்கிறதா?' என்றார். 2020-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஜப்பான் 41 ரன்னுக்குச் சுருண்டதையும், நம் பையன்கள் அதை 4.5 ஓவரில் அடித்ததையும் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் வருத்தப்படவில்லை. '41 வந்ததா!' என்றார். பேஸ்பாலில் அது நம்ப முடியாத ஸ்கோர்.

பார்ப்பதுதான் பெரிய பாடு. நம் ஊர் நேரத்தைவிட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முந்தி. ஐபிஎல் டாஸ் போட்டு ஆரம்பிக்கும்போதே இரவு 11. 2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நான்கு பேர் என் அறையில் பார்த்தோம். சுவர் அட்டை கனம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக் கோட்டில் அந்தக் கேட்சைப் பிடித்தபோது நான்கு பேரும் ஆளுக்கொரு தலையணையில் முகத்தை அழுத்திக் கத்தினோம். உண்மையில் கேட்ச் பிடிபட்டது எங்களுக்கு முன்பே தெரியும். ஊரிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப் காலில் இருந்தான். அவன் டிவி எங்கள் மொபைலைவிட அரை நிமிடம் முந்தி ஓடியது. 'மியூட்ல போட்றா'ன்னு எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டான். பின்னணியில் வெடிச் சத்தம். அம்மா போனை வாங்கி, 'கண்ணு, மணி மூணு ஆச்சாமே, இன்னும் தூங்கலையா?' என்றாள்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த இரவு அல்ல. 2025 பிப்ரவரியில் நடந்த, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள். ஐபிஎல்லில் எங்கள் ஊர்க்காரனுக்கு விசுவாசம் குழப்பம்தான். 2011-இல் கொச்சி டஸ்கர்ஸ் வந்தபோது, சென்னையா கொச்சியா என்று டீக்கடையில் மடக்கினார்கள். முடிவெடுப்பதற்குள் ஒரே சீசனோடு அந்த அணியே போய்விட்டது. ரஞ்சி என்றால் குழப்பமே கிடையாது, கேரளாதான். காலிறுதியில் ஜம்மு காஷ்மீரோடு டிரா, முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் லீட். டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்தவர்களுக்குத்தான் அடுத்த சுற்று, அதில் அரையிறுதி. அங்கே குஜராத்தின் கடைசி விக்கெட். கேரளா அடித்தது 457, அவர்கள் 455. நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து பக்கத்தில் ஃபீல்டிங் நின்ற எங்கள் சல்மான் நிசார் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் சச்சின் பேபி கையில் போய் உட்கார்ந்தது.

வேலை நேரம். மேசைக்கு அடியில் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்தே நின்றுவிட்டேன். மூத்தவர் வந்து என்ன விஷயம் என்றார். விளக்கினேன். ஐந்து நாள் ஆட்டம். முடிவு டிரா. ஆனால் கேரளா இறுதிக்குப் போகிறது, முதல் முறையாக. காரணம் இரண்டு ரன். அந்த இரண்டு ரன்னுக்குக் காரணம் ஒருவர் தலை. அவர் ஒரு தாளை எடுத்து ஹெல்மெட், பந்து, அம்புக்குறி எல்லாம் வரைந்து, 'யாருக்கும் அடி இல்லையே?' என்று கேட்டார். பிறகு, 'டிரா என்றால் கேரளாவுக்கு' என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

விதர்பாவோடு இறுதி ஆட்டம் மார்ச் 2, ஞாயிறன்று முடிந்தது. திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து, 'டிராவாமே, வாழ்த்துகள்!' என்று கை குலுக்கினார்.

'இல்லை. இந்த முறை 37 ரன் லீட் அவர்களுக்கு' என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அந்த ஹெல்மெட்காரர் இந்த முறை எங்கே நின்றார்?' என்று கேட்டார்.