நாகை, பூம்புகார் பக்கம் லேசான தூண்டிலில் கடல் மீன் பிடிக்க எப்படித் தொடங்குவது?

முதலில் முகத்துவாரத்துக்குப் போங்கள். பூம்புகாரில் காவிரி, பழையாறு பக்கம் கொள்ளிடம், வேளாங்கண்ணியில் வெள்ளையாறு என டெல்டாவில் ஆறு கடலில் சேரும் இடங்கள் நிறைய. அலை அடங்கிய அந்த உப்புத்தண்ணீரில் கொடுவா, பாறை, கிழங்கான் எல்லாம் லேசான தூண்டிலுக்கே வரும்.

7 அடி ராடு, 3000 சைஸ் ரீல், 15 பவுண்டு பிரெய்டு (பின்னிய) நூல் போதும். ஆனால் நுனியில் 2 அடிக்கு 30 பவுண்டு தங்கூசி (நைலான் நரம்பு) கட்டாமல் வீசாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. அது தலையை உதறினால் வெறும் பிரெய்டு நிற்காது.

புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் டிராகில்தான், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நூல் விடும் என்பதில். நூல் தாங்கும் எடையில் கால் பங்குக்கு வையுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ரீல் மெல்ல நூல் விடும் வரை திருகைத் தளர்த்தினால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இரைக்கு உயிர் இறாலை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். தலைக்குள் தெரியும் கரும்புள்ளியில் படாமல், கொம்புக்குக் கீழே தூண்டில் முள்ளைக் கோத்தால் வெகுநேரம் நீந்தும். வற்றம் இழுக்கும்போது, அதாவது கடல் நீர் வடியும்போது, வீசிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம், கெளுத்தி மாட்டினால் குறடு எடுங்கள். அதன் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.