பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கடலோர நிலம் வாங்குமுன்

கேள்வி: பல ஆண்டுகளாக டொராண்டோவில் வசிக்கிறோம். பணி ஓய்வுக்குப் பின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கடலைப் பார்த்தபடி 10 ஏக்கர் நிலம் வாங்கி, வீடு கட்டிக் குடியேற விரும்புகிறோம். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விலை பேசுவதற்கு முன், கனடாவின் தனி மாகாணமான அத்தீவின் நிலச் சட்டத்தைப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாகாணத்தில் வசிக்காத ஒருவர், அவர் கனடியக் குடிமகனாகவே இருந்தாலும், மொத்தம் 5 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையோ 165 அடிக்கு மேல் கரைமுகப்பு (கரையை ஒட்டிய எல்லையின் நீளம்) உள்ள நிலத்தையோ வாங்குவதற்கு மாகாண அமைச்சரவையின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். நீங்கள் நினைக்கும் 10 ஏக்கர் இந்த வரம்புக்குள் அடங்காது. உள்ளூர்வாசிக்கும் உச்சவரம்பு உண்டு. தனிநபர் ஒருவர் 1,000 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது.

வெளியாருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். தீவின் வரலாற்றை அறிந்தவர்களுக்குத் தோன்றாது. 1767-இல் பிரிட்டிஷ் அரசு தீவு முழுவதையும் 67 பங்குகளாகப் பிரித்து, லண்டனில் சீட்டுக் குலுக்கி, அரசுக்கு வேண்டியவர்களுக்கு வழங்கியது. அவர்களில் பெரும்பாலோர் தீவை எட்டிப் பார்க்கவே இல்லை. உழுதவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர்களுக்குக் குத்தகை செலுத்திவந்தார்கள். 1873-இல் தீவு கனடாவுடன் இணைந்தபோது, அந்த நிலங்களை மீட்பதற்கான பணமும் இணைப்பு ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. ஏறத்தாழ 5,660 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2021 கணக்கெடுப்பின்படி ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையும் கொண்ட இடத்தில், உருளைக்கிழங்கு விளையும் செம்மண் கைமாறுவதை அரசு உற்றுக் கவனிப்பது நியாயம் என்பதே என் கருத்து. எனவே முதலில் தீவின் நகரங்களான சார்லட்டவுனிலோ சம்மர்சைடிலோ வாடகைக்குக் குடியேறி, மாகாணவாசி என்ற தகுதியைப் பெற்றபின் நிலம் வாங்குங்கள். அவசரமென்றால், அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை செல்லும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.

அடுத்தது கரை. தீவின் அடித்தளம் மென்மையான செம்மணற்கல் என்பதால் கடல் அதை இடைவிடாமல் அரிக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாகக் கால் மீட்டருக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டிருந்தாலும், சராசரியை நம்பி வீடு கட்ட முடியாது. 2022 செப்டம்பரில் வீசிய ஃபியோனா புயல் வடகரையின் மணற்குன்றுகளில் பல மீட்டர்களை ஒரே இரவில் வாரிச் சென்றது. நீங்கள் பார்த்துவைத்த மனைக்குரிய கரையோர ஆபத்து மதிப்பீட்டை மாகாண அரசிடம் கேட்டுப் பெறுங்கள். கரையை ஒட்டிய 15 மீட்டர் பாதுகாப்பு வளையத்தில் மரம் வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் தடை இருப்பதால், வாங்கும் நிலம் முழுவதும் மனையாகாது.

தீவின் குடிநீர் முழுவதும் நிலத்தடி நீரே. ஊர்ப்புறத்தில் உங்கள் கிணறு உங்கள் பொறுப்பு. சுற்றிலும் உரமிடும் வயல்கள் உள்ளதால் நைட்ரேட் சோதனை அவசியம்.

குடும்ப மருத்துவருக்கான காத்திருப்புப் பட்டியல் நீளமானது. குடியேறிய உடனே பதிந்துவிடுங்கள். சில சிறப்புச் சிகிச்சைகளுக்கு அண்டை மாகாணங்களிலுள்ள ஹாலிஃபாக்ஸுக்கோ மாங்க்டனுக்கோ செல்ல நேரும். குளிர்காலத்தில் நோவா ஸ்கோஷியாவுக்கான படகுச் சேவை நின்றுவிடும் என்பதால், 1997-இல் திறக்கப்பட்ட 12.9 கிலோமீட்டர் நீளக் கான்ஃபெடரேஷன் பாலமே அப்போதைய சாலை வழி. சுங்கம் தீவை விட்டு வெளியேறும்போதுதான் வசூலிக்கப்படும். பலத்த காற்றில் உயரமான வாகனங்களைப் பாலத்தில் அனுமதிப்பதில்லை. ஆகவே வீட்டுச் சாமான் ஏற்றிய லாரியைக் கோடையிலேயே அனுப்பிவிடுங்கள்.